கரகப் பூச்சும் மஞ்சள் தண்ணீரும்

எங்கள் பீலிக்கரைக் கொங்கிரீட்டுக்குக் கீழே ஒரு நண்டு குடியிருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவி. துணி துவைக்கக் குனிந்தபோது பார்த்திருக்கிறாள். பள்ளத்துப் பக்க இடுக்குக்குள் நுழைந்த நண்டு, கொஞ்ச நேரம் கழித்து முன்பக்க ஓரத்தால் வெளியே வந்ததாம்.

“நாம குடியிருக்குற காம்பராவுக்கு ஒரு வாசல்தாங்க. அதுக்கு ரெண்டு வாசல்,” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் நுழைந்தது இன்னொரு பக்கம் வருகிறது என்றால் நடுவில் மண் இல்லை. மண் இல்லாத இடத்தின் மேல் நின்றுதான் என் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அந்த நினைப்பு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நிலம் அசைந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. கொங்கிரீட் மட்டும்தான் இறங்குகிறதா, மலையே இறங்குகிறதா என்று தெரியாமல் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் சுவரில் புது வெடிப்பு இருக்கிறதா, மேலே நிற்கும் சவுக்கு மரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தேன்.

“மரம் சாஞ்சிருக்கா, இல்ல நீங்க தலைய சாச்சுப் பாக்குறீங்களா?” என்றாள் மனைவி.

மரங்கள் நேராகத்தான் நின்றன. சுவரிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்றாம் நாளும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூனாகலைப் பக்கம். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் ஒரு இரும்புக் குழாய் வழியாக வந்து விழும் இடத்தைத்தான் பீலி என்போம். மேல் லயத்தில் இருக்கும் நாங்கள் குளிப்பது, துவைப்பது, குடம் பிடிப்பது எல்லாம் அங்கேதான். நின்று புழங்குவதற்கு ஒரு கொங்கிரீட் மேடை உண்டு. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். அதன் ஒரு பக்கம் கான், அதாவது அழுக்குத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அது தண்ணீரைத் தூரத்தில் இருக்கும் வாழைப் பாத்திக்குக் கொண்டுபோய் விடும். இன்னொரு பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு ஓடை. அந்த ஓடையிலிருந்துதான் கீழ் லயத்துக்குக் குடிதண்ணீர் போகிறது, கறுப்புக் குழாய் போட்டு.

கீழ் லயத்தில்தான் என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

மேடையைப் போட்ட காலத்தில் அது கான் பக்கமாகச் சரிந்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். வருஷங்கள் போகப் போக, பள்ளத்துப் பக்கம் ஒரு சாண் இறங்கிவிட்டது. நாங்கள் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், எல்லாம் கானை மறந்து பள்ளத்துக்குள் விழ ஆரம்பித்தது. தங்கச்சி வரும்போதெல்லாம் அதையே சொல்வாள்.

“அண்ணே, எங்க வீட்டுப் பிள்ளைங்க கஞ்சியக் குடிச்சிட்டே மேல லயத்துல இன்னைக்கு என்னா சோப்புன்னு சொல்லிருதுங்க. நேத்து எலுமிச்சங்காய். முந்தாநாளு மல்லிகப்பூ.”

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவள் சிரித்தபடி சொன்னதால்தான் எனக்கு அது இன்னும் குத்தியது. நான் மேசன். தோட்டத்தில் ஒரு சுவர் எழும்பினாலும் ஒரு படி உடைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்குப் போய், கல் சுமந்து, சாந்து குழைத்துப் படித்த தொழில். அப்படிப்பட்டவன் இருக்கும்போதே தங்கச்சி வீட்டுக் கஞ்சியில் சோப்பு மணந்தது.

ஒரு நாள் மனைவியிடம் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைக்கச் சொன்னேன். மேடையில் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் கான் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நேரே பள்ளத்துக்குள் இறங்கியது. தங்கச்சியைக் கீழே குழாயடியில் நிற்கச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் ஏறி வந்தது.

“வருது அண்ணே! கொடத்துல பாதி மஞ்சதான். நாளைக்கு எங்கள எல்லாம் பொண்ணு பாக்க வரச் சொல்லுங்க!”

*

இதைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். தோட்டக் கமிட்டித் தலைவர் நல்ல மனிதர், ஓடித் திரிபவர். அவரும் எங்கெங்கோ எழுதிக் கொடுத்து, மேடையை உடைத்துப் புதிதாகப் போடுவதற்கு அனுமதி வாங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்டாரவளையிலிருந்து, வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் வந்தார். எல்லோரும் பீலிக்கரையில் கூடினோம். பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். புது மேடை, வழுக்காத மேடை. ஒரு பக்கம் துவைகல்லும் வைத்துத் தரச் சொன்னார்கள்.

கொந்தராத்துக்காரர் கொப்பியை விரித்து வாசித்தார். இவ்வளவு மணல், இவ்வளவு கல், இவ்வளவு சீமெந்து.

அவர் வாசிக்க வாசிக்க எனக்கு வேறு ஏதேதோ ஞாபகம் வந்தது. கொழும்பில் இருந்த காலத்தில் கொஞ்ச நாள் ஆற்று மணல் அள்ளப் போனேன். நாங்கள் அள்ளிய இடத்தில் கரை உடைந்து, கரையில் நின்ற மூங்கில் புதர் வேரோடு ஆற்றில் விழுந்ததை நின்று பார்த்தேன். கல் என்றால் எங்கேயோ ஒரு மலைக்கு வெடி வைக்கிறார்கள். சீமெந்து என்றால் எங்கேயோ ஒரு சூளை எரிகிறது. இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு லொறி எங்கள் ஒடுங்கிய பாதை வளைவுகளில் புகை கக்கி ஏறி வர வேண்டும். எதற்கு? ஒரு பக்கம் ஒரு சாண் இறங்கியதற்கு. படித்தவர்கள் இதற்குப் பெரிய வார்த்தைகள் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது சுமந்த கணக்கு மட்டும்தான். எதையெல்லாம் நான் தலையில் சுமந்தேனோ அதையெல்லாம் ஏதோ ஒரு இடத்திலிருந்து பிடுங்கித்தான் கொண்டுவந்தார்கள்.

அப்படியே அடுத்த பயம் வந்தது.

“ஐயா, ஒடச்ச கொங்கிரீட்ட எங்க போடுவீங்க?” என்று கேட்டேன்.

அவர் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் தாடையால் பள்ளத்தைக் காட்டினார். “பக்கத்துலயே இருக்கே. இந்த ரோட்டுல அத ஏத்திக்கிட்டுப் போக முடியுமா?”

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். இப்போது சிரிக்கவில்லை. அத்தனை கல்லும் தூளும் ஓடையில் விழுந்தால் சோப்பு மணம் எங்கே, சீமெந்துச் சுண்ணாம்பு எங்கே. ஓடை அடைபட்டால் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் மலையை அரிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

“ஒடைக்க வேணாங்க,” என்றேன். “தூக்கிரலாம்.”

 தங்கச்சி புருஷன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவன். என்னை மச்சான் என்பான், கிண்டல் செய்யாமல் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

“என்னா மச்சான், கரகமா? பூ சுத்தி தலையில தூக்கிக்கிட்டு ஆடப் போறீங்களா?”

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.  ஏன் வாயைத் திறந்தேன் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் சொல்லிவிட்டேன். கொழும்பில் ஒரு சாமான் கிடங்கில் இறங்கிப்போன தரையைத் துளை போட்டு, இயந்திரத்தால் மண்ணும் சீமெந்தும் கரைத்த கூழை அடியில் செலுத்தி, அப்படியே தூக்கினார்கள். நான் அங்கே தண்ணீர் சுமந்தவன். புளித்த மாவு பானையில் எழும்புவதுபோல் அந்தத் தரை எழும்பியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அதைச் சொன்னேன்.

“இயந்திரம் எங்க தம்பி இருக்கு?” என்றார் தலைவர்.

“இல்லங்க தலைவரே. லொறி ஜக்கு இருக்கு. டயர் மாத்த லொறியத் தூக்குமே, அது.”

கொந்தராத்துக்காரர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கொப்பியை மூடிவிட்டு மேடையைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். “எனக்கு வெலிமடையில ஒரு வேல கெடக்கு. முடிச்சிட்டு ஒங்க கரகத்துக்கு மொத நாளு வாறேன். தூக்கியிருந்தா ஒங்க கைக்கு ஒரு கும்பிடு. வெடிச்சிருந்தா ஒடைக்க எனக்கு அரை நாள் வேல மிச்சம்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் தூக்கும்போது வெடித்தால் அந்தக் கல் எல்லாம் பள்ளத்துக்குத்தான் போகும். அப்போது என் தங்கச்சி வீட்டுத் தண்ணீரைக் கெடுத்தவன் கொந்தராத்துக்காரர் இல்லை, நான்.

*

கரகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் கரகம் பாலிப்பது பீலிக்கரையில்தான். அங்கே பூ அலங்காரம் செய்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மேளத்தோடு கோயிலுக்கு எடுத்துப் போவோம். அம்மன் புறப்படும் இடம் பள்ளமும் மேடுமாக இருக்கக் கூடாது என்று, ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முந்தின வாரம் மேடையின் மேல் ஒரு பூச்சுப் பூசுவோம். அதற்குப் பேரே கரகப் பூச்சு. ஒரு வருஷம் ஒரு குடும்பம் சீமெந்து எடுத்துக் கொடுக்கும். பெரிய மரியாதை அது. பூசுவது நான். கண்ணாடிபோல் இழைத்து விடுவேன். பூசி முடித்ததும் ஆட்கள் வந்து பார்த்து, “மேசன் கை மேசன் கைதான்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வருஷம் முழுவதும் காத்திருப்பேன்.

கூட்டம் முடிந்த மறுநாளே வேலையைத் தொடங்கினேன். அலவாங்குக் கடப்பாரையால் மேடை முழுக்கத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டேன். அடியில் மண் இருந்தால் ‘டக்’ என்று கேட்கும். பொந்து இருந்தால் ‘டொம்’. டொம் கேட்ட இடத்திலெல்லாம் அடுப்புக்கரியால் கோடு போட்டேன். பள்ளத்துப் பக்கம் பாதி மேடை கறுப்பாகிவிட்டது. பிறகு ஓரத்தைத் தோண்டிக் கையை விட்டேன். தோள் வரைக்கும் போனது. கை முடியும் இடத்தில் கெட்டியான தரை. அலவாங்கை இறக்கிப் பார்த்தாலும் இறங்கவில்லை. அந்த இடத்தில்தான் மூச்சு விட்டேன். மலை அசையவில்லை. மேடைக்கு அடியில் கொட்டியிருந்த மண்ணைத்தான் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருக்கிறது.

தூக்க வேண்டுமென்றால் பாரம் குறைய வேண்டும். மேலே உள்ள பூச்சுகளை உளியால் கொத்தி எடுக்க ஆரம்பித்தேன். முதல் பூச்சு தோசைபோல் கழன்று வந்தது. அடியில் இன்னொரு பூச்சு. அதில் யாரோ வீட்டுக் கோழி நடந்த கால் தடம். அதற்கடியில் இன்னொன்று. சோடா மூடி ஒன்று அமுங்கிக் கிடந்தது. எண்ணிக்கொண்டே போனேன். ஒன்பது. அதில் ஏழு என் கை. இறங்கிய மூலையில்தான் எல்லாப் பூச்சும் தடிப்பு. ஏனென்றால் இறங்க இறங்க, மட்டம் வருவதற்காக அங்கேதான் அதிகமாக அப்பியிருந்தேன். அந்த மூலையில் பூச்சுகளை மட்டும் சேர்த்துப் பார்த்தால் மேடைக் கொங்கிரீட்டின் தடிப்பே வந்துவிட்டது.

உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேடை இறங்கியது. அதை மறைக்க நான் பூசினேன். பூசிய பாரத்தில் இன்னும் இறங்கியது. இன்னும் பூசினேன். கண்ணாடிபோல் இழைத்து, பெயர் வாங்கி, வருஷா வருஷம் என் தங்கச்சி வீட்டுப் பக்கமாக இந்த மேடையை அமுக்கியவன் நானேதான். வேறு எந்த ஊர் மேசனும் இப்படி ஒரு வேலையை ஏழு தடவை செய்திருக்க மாட்டான். அங்கெல்லாம் மேடைக்குக் கரகம் வருவதில்லை.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் உடைந்த பூச்சுத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தாள்.

“மூஞ்சியக் கழுவாமலே பவுடர் போட்டிருக்கீங்க. ஒம்பது வருஷத்துப் பவுடரு,” என்றாள். பிறகு கோழிக்கால் தடம் இருந்த துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள். “இத எங்க கொட்டுவீங்க? பள்ளத்துலயா?”

அதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. உடைக்காதே என்று எல்லோரிடமும் சொன்னவன், அரை லொறி துண்டைக் குவித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைத் தின்றேன். பாதிச் சோற்றில் விஷயம் பிடிபட்டது. அடியில் பொந்து. மேலே துண்டு. துண்டு போக வேண்டிய இடம் பொந்துதான். மேலே பூசியதையெல்லாம் கீழே இறக்கிவிட்டால் மேடைக்குப் பாரமாக இருந்தது மேடையைத் தாங்கும். வெளியிலிருந்து ஒரு கல் வர வேண்டாம், இங்கிருந்து ஒரு கல் போக வேண்டாம்.

பூச்சுகள் எல்லாம் போன பிறகு அடியில் பழைய கொங்கிரீட் தெரிந்தது. ஒரு வெடிப்பு இல்லை. அத்தனை வருஷம் நாங்கள் உடைந்துபோனது என்று பேசியது உடையவே இல்லை. சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

*

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் தூக்கினோம். அன்றைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, லொறி சும்மா நின்றது. தங்கச்சி புருஷன் மூன்று ஜக்குகளோடு வந்தான். ஒன்று அவன் லொறியுடையது, ஒன்று தொழிற்சாலை லொறியுடையது, ஒன்றைப் பண்டாரவளை பஸ் ஓட்டும் கூட்டாளியிடம் கேட்டு வாங்கியிருந்தான். கிண்டல் செய்தவன்தான், ஆனால் மூன்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருந்தான்.

“கரகம் தூக்க ஆளு வந்தாச்சு. மேளம் எங்க மச்சான்?”

“வாய மூடிக்கிட்டு அந்தப் பலகையப் புடி மாப்ள.”

பள்ளத்துப் பக்க ஓரத்தில் மூன்று குழி. குழிக்குள் கருங்கல், அதன்மேல் பலகை, அதன்மேல் ஜக்கு. மூன்று பேர் மூன்று ஜக்கிலும் ஒரே அளவு ஏற்ற வேண்டும். ஒருவன் முந்தினாலும் மேடை முறுகி வெடித்துவிடும். நான் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தபடி, “கால் சுத்து!” என்று சொல்வேன். மூன்று பேரும் கால் சுற்றுச் சுற்றிவிட்டு நிற்க வேண்டும். பெண்கள் பூச்சுத் துண்டுகளைக் கூடையில் அள்ளி வரிசையாக நின்றார்கள். தங்கச்சியும் ஏறி வந்திருந்தாள். மேடை எழும்ப எழும்ப அவள்தான் குப்புறப் படுத்துக்கொண்டு அடியில் துண்டுகளை அடுக்கினாள். ஜக்கு வழுக்கினால் கை போய்விடும் என்று நான் பத்துத் தடவை சொன்னேன்.

“அண்ணே, பத்துத் தடவ பயந்தாச்சு. இனி கால் சுத்துன்னு ஒரு தடவ சொல்லுங்க.”

மேடை எழும்பியது. முதலில் நம்ப முடியவில்லை. பிறகு குழாயில் தண்ணீர் அசைந்தது. அடியிலிருந்து அந்த நண்டு வெளியே ஓடி, எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் போனது. பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

பாதி ஏறியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள்.  வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். பள்ளம் கண்முன் வந்தது, கொந்தராத்துக்காரரின் தாடை வந்தது. முழங்காலில் உட்கார்ந்து மேடையை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். ஒன்றும் இல்லை. திரும்பத் தடவினேன். கான் பக்க மூலையில் கொத்தும்போது கண்ணில் படாமல் விட்டுப்போன ஒரு கையளவு பூச்சு, தானாகக் கழன்று விழுந்திருந்தது.

“ஒங்க கை வேலதான் மச்சான். கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு நின்னிச்சு,” என்றான் தங்கச்சி புருஷன். அன்றைக்கு நான் முதல் தடவையாகச் சிரித்தேன்.

மத்தியானத்துக்குள் மட்டம் வந்துவிட்டது, கான் பக்கமாக ஒரு விரல் சரிவோடு. துண்டுகளை இறுக்கி அடுக்கி, மேடையில் மூன்று துளை போட்டு, சலித்த மண்ணும் கொஞ்சம் சீமெந்தும் கஞ்சிப் பதத்தில் கரைத்து, அடி வெட்டிய போத்தலைத் துளையில் கவிழ்த்து ஊற்றினோம். குடிக்கக் குடிக்கக் குடித்தது. துளைகளில் கஞ்சி பொங்கி நின்றபோது நிறுத்தினோம். தலைவர் எங்கெங்கோ பேசி நான்கு மூட்டை சீமெந்து வாங்கி வைத்திருந்தார். அதில் இரண்டு கூட முழுதாகத் தீரவில்லை.

கஞ்சி இறுக நாலு நாள் விட்டேன். யாரையும் மேலே நிற்க விடவில்லை. குடம் வைத்தால்கூடக் கத்தினேன். ஐந்தாம் நாள் வாளியில் மஞ்சள் கரைத்து ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு மெதுவாகக் கான் பக்கம் திரும்பி, உள்ளே விழுந்து ஓடியது. பெண்கள் கைதட்டினார்கள். தலைவர் என் முதுகில் அடித்தார். நான் கீழ்ப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே!” என்றாள் தங்கச்சி கீழேயிருந்து. “மஞ்ச வருது!”

*

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கிருந்து வருகிறது? மேடை சரியாக இருக்கிறது. தண்ணீர் கானுக்குள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்படியென்றால் கான்தான். பாசியும் இலைச் சேறும் முழங்கால் அளவுக்கு மூடிக் கிடந்த கானை மண்வெட்டியால் வாரினேன். மேடையோரமாகவே பத்தடி தள்ளி, அதன் அடித்தளம் வெடித்துப் பிளந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் அதற்குள் இறங்கி, மேடைக்கு அடியில் கசிந்து, நாங்கள் நிரப்பிய இடத்தைச் சுற்றிப் பள்ளத்துக்குப் போயிருக்கிறது. அத்தனை வருஷமும் மேடைக்கு அடியில் மண்ணைத் தின்றது, முதலில் நாங்கள் குளித்த தண்ணீரையும் பிறகு மழைத் தண்ணீரையும் உள்ளே விட்ட இந்த வெடிப்புத்தான். மலையைப் பார்த்துப் பயந்தேன், மரத்தைப் பார்த்துப் பயந்தேன். காலுக்குப் பக்கத்தில் ஓடிய கானைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே வேறு சிக்கல். அந்த வருஷக் கரகப் பூச்சுக்கு முறை வந்திருந்த குடும்பம் சீமெந்து மூட்டையோடு வந்து நின்றது. அந்த வீட்டு அக்கா ஏழெட்டு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த முறை. பிள்ளை வேலைக்குப் போனதற்கு நேர்ந்த நேர்த்திக்கடன் வேறு.

“மேல ஒரு புடி கூடப் போட முடியாதுங்கக்கா,” என்றேன்.

“என்னா தம்பி, நம்ம மொறைக்கு மட்டும் இல்லையா? எல்லார் வீட்டுச் சீமெந்தையும் பூசுன கை, நம்ம வீட்டதுன்னா கசக்குதா?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.  கோழிக்கால் தடம் இருந்த அந்தத் துண்டைக் கொண்டுவந்து காட்டினேன். நான்தான் பூசிப் பூசி மேடையை இறக்கினேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.  சொன்ன பிறகு ஒரு நிம்மதி. அக்கா துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கானைப் பார்த்தார்.

“அப்ப அந்த ஓட்டைக்குப் பூசுங்க. கரகம் போற வழியில அதுவும்தான இருக்கு.”

அவ்வளவுதான். நான் இவ்வளவு கவலைப்பட்டதை அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த வருஷக் கரகப் பூச்சு கானுக்குள் நடந்தது. நான் முழங்கால் வரை சேற்றில் நின்று வெடிப்பைக் கொத்தி, சல்லி அடைத்து, அவர் கொடுத்த சீமெந்தால் பூசினேன். கண்ணாடிபோல் இழைத்தேன், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றாலும். அவர் கரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, “மேசன் கை மேசன் கைதான்” என்றார்.

கரகத்துக்கு முதல் நாள் கொந்தராத்துக்காரர் வந்தார். சொன்ன வார்த்தைக்கு வந்தார். மேடையைக் குதிகாலால் தட்டினார், டக் என்றது. நடந்து நடந்து தட்டினார், எல்லா இடமும் டக். பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“ஒரு கல்லு கூட விழலயே,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாஸ், பண்டாரவளையில ஒரு பள்ளிக்கூடத்து முற்றம் இப்படித்தான் இறங்கிக் கெடக்கு. ஒடைக்கத்தான் நெனச்சேன். ஒருக்கா வந்து தட்டிப் பாக்குறீங்களா?”

ஏழாம் வகுப்போடு நின்றவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுகிறார் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். நான் போனேன். அதற்குப் பிறகு இன்னும் சில இடங்களுக்கும் போனேன். எங்கே போனாலும் முதலில் கானைத்தான் பார்க்கிறேன்.

மறுநாள் கரகம் பாலித்தோம். மேடையில் புதுப் பூச்சு இல்லை. பழைய கொங்கிரீட் உளித் தழும்போடு அப்படியே இருந்தது. அதன்மேல் கோலம் போட்டார்கள். மேளம் முழங்க, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாளி இல்லை, முப்பது நாற்பது குடம். மேடை முழுக்க மஞ்சள். எல்லோரும் கரகத்தைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். கானுக்குள் மஞ்சளாக விழுந்து, பூசிய இடத்தைத் தாண்டி, வாழைப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கச்சி ஏறி வந்தாள். இடுப்பில் குடம். கீழே குழாயடியில் அப்போதுதான் பிடித்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று, பேசாமல் குடத்தைச் சாய்த்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். கையின் ரேகை, நகக்கண்ணில் ஒட்டியிருந்த சீமெந்து, எல்லாம் அந்தத் தண்ணீருக்குள் அப்படியே தெரிந்தன. முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. குடித்தேன்.